அழுத்தாமலே அசையும் வரைபடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பேர்லினிலிருந்து எடித். பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி போனில் இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? அம்மா சுகமா?

எங்கள் நிறுவனத்தின் கடற்காற்று வரைபடம் இணையத்தில் தானாக அசைவதைத்தானே தினமும் பார்க்கிறீர்கள். அப்படி அசையவைக்கும் முறைக்குத் தன்னிடம் காப்புரிமை இருப்பதாக வேறொரு நிறுவனம் மிரட்டுகிறது. பயந்துபோன என் மேலாளர், பொத்தானை அழுத்தினால் மட்டும் அசையும்படி மாற்றச் சொன்னார். உங்கள் போனின் பழைய பிரவுசரில் அந்தப் பொத்தான் தெரியவே தெரியாது. அதே போனை இங்கே வாங்கிவைத்துச் சோதித்தேன்.

“என்ர அப்பா இதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போறவர். நான் மாத்தமாட்டன்!” என்று கோபத்தில் தமிழில் கத்திவிட்டு, பிறகு ஜெர்மன் மொழியிலும் சொன்னேன். நாளை மேலிடத்தில் விளக்கம் கேட்பார்களாம். கேட்கட்டும்.

விடிய வரைபடம் அசைகிறதா என்று அழைத்துச் சொல்லுங்கள். சொன்னவுடன் வைத்துவிடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது. பொத்தான் வராது.

உங்கள் மகள்
எடித்