பாதியில் நிறுத்திய உங்கள் குரல்

வேலை முடிந்து வந்ததும் கணினியைப் போட்டேன். சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடம் முழுக்கப் பரவி நிற்குமே, அதே வாசனை. பிரௌசரை அழுத்திய உடனே திறந்துகொண்டது, வெறும் வெள்ளைப் பக்கம். நீங்கள் செய்து வைத்த வேகம் கொஞ்சமும் குறையவில்லை. அதைப் பார்க்கும்போது மேசையோடு தூக்கிப் போட்டு உடைத்துவிடலாமா என்று வருகிறது. ஆனாலும் தினமும் போட்டுப் பார்க்கிறேன். எதை எதிர்பார்த்து என்று கேட்காதீர்கள்.

இந்தப் பழைய பெட்டியில் உங்களுக்கு இருந்த பெருமை கொஞ்சமா? நம் ஊர் பொந்தியானில் எல்லோரும் புதுசு வாங்க, நீங்கள் மட்டும் சிங்கப்பூரில் உங்கள் கம்பெனி கழித்துக் கட்டிய இயந்திரங்களிலிருந்து ரேம் என்கிற நினைவகப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து இதற்குள் சொருகினீர்கள். பனியனோடு தரையில் உட்கார்ந்து, பெட்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினீர்கள். ஒருமுறை பார்த்த பக்கத்தின் படங்களையும் ஒலியையும் பிரௌசர் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். ஆனால் நம் டிஸ்க் கிழடு, ஒவ்வொன்றையும் தேடி எடுக்க நேரமாகுமாம். அதனால் அவ்வளவையும் இனிமேல் ரேமிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றீர்கள். எனக்குப் புரியவில்லை என்றதும் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினீர்கள்.

"நீ உப்ப ஸ்டோர்லயா வெப்ப? அடுப்புப் பக்கத்துலதான வெச்சிருக்க. அதே கதைதான் லா."

மழை வந்தாலே நம் தாமான் குடியிருப்பில் கரண்ட் போகிறதே, அப்போது ரேமில் இருப்பது என்னாகும் என்று கேட்டேன். எல்லாம் அழிந்துவிடும் என்று கூலாகச் சொன்னீர்கள். எனக்குத் திக்கென்றது. நீங்கள் சிரித்தீர்கள். "போனா போவுது. இண்டர்நெட்ல இருக்கிறது எங்க ஓடிப் போவப் போவுது? திரும்பத் தொறந்தா மறுபடி வந்துரும்." நானும் நம்பினேன். நம்பாமல் என்ன, உங்களுக்குத் தெரியாததா?

குரலைப் பதிவு செய்வதென்றால் உங்களுக்கு வேப்பங்காய். எல்லோரும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும்போது நீங்கள் மட்டும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அனுப்புவீர்கள். என் குரல் எனக்கே சகிக்காது, உனக்கு எதற்கு அந்தத் தண்டனை என்பீர்கள். நம் கல்யாண வீடியோவில்கூட நாதஸ்வரம்தான் கேட்கிறது, நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்டவரை ஆயர் ஈத்தாமில் இணைய வானொலி நடத்திக்கொண்டிருந்த உங்கள் சிநேகிதர் எப்படியோ மடக்கிவிட்டார். நம் கல்யாண நாளன்று பாட்டுக் கேட்டு, கூடவே என்னைப் பற்றியும் பேசிவிட்டு வந்தீர்கள். அன்று எனக்குக் கிளினிக்கில் வேலை. அவர்கள் அந்த நிகழ்ச்சியைத் தளத்தில் போட்டதும் நீங்கள் பிரௌசரில் திறந்து, ஒருமுறை முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, அப்படியே வைத்திருந்தீர்கள். இதை மூடிவிடாதே, கணினியை அணைக்காமல் தூங்க மட்டும் வை, ஆற அமரக் கேள் என்றீர்கள். நான் கேட்பதற்குள் உங்கள் மாமா வீட்டு விசேஷம் வந்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் துவாஸ் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவரை, சாயங்காலம் வேனில் கொண்டு வந்தார்கள். நெஞ்சு வலி என்றுகூட யாரிடமும் சொல்லவில்லையாமே.

தகனம் முடிந்து இரண்டொரு நாள் கழித்து இந்த மேசையில் வந்து விழுந்தேன். கை மவுஸில் பட்டதும் திரை விழித்தது. நீங்கள் வைத்திருந்த பக்கம் அப்படியே இருந்தது. ஓடவிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பேச ஆரம்பித்தீர்கள். "எங்க வீட்டுக்காரம்மா இத கேட்டா திட்டுவாங்க. இத்தன வருஷத்துல அவங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணு சொன்னதில்ல. ஆனா..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்கென்று பேசியதை எல்லோர் நடுவிலும் கேட்க மனசு ஒப்பவில்லை. காரியம் முடிந்து வீடு காலியாகட்டும், மீதியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் என் கைப்பேசியில் அந்தத் தளத்தைத் தேடினால் இல்லை. வானொலியை இழுத்து மூடிவிட்டார் உங்கள் சிநேகிதர். வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் போனதோடு பதிவுகளும் போய்விட்டன என்று அழாத குறையாகச் சொன்னார். உங்களோடு வேலை பார்த்த தம்பிக்கு உடனே அழைத்தேன். அவர் பதறிவிட்டார்.

"அண்ணி, மெஷின மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. அது இப்ப ரேம்லதான் உயிரோட இருக்கு. நீங்க எதையும் தொட வேணாம். ஞாயித்துக்கெழம நானே வந்து பென்டிரைவ்ல எடுத்துத் தரேன்."

அதன் பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வேன்? வானம் கறுத்தால் வாசலில் போய் நின்று மழை வருகிறதா என்று பார்ப்பேன். யாராவது மிக்சியைப் போட்டால் ஓடி வந்து திரையைப் பார்ப்பேன். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த உங்கள் பெரியப்பா, பாவம் பொண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பின்வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து அன்றைக்கே பதிவு பண்ணியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. தொடாதீர்கள் என்றார், தொடாமல் காத்தேன்.

துக்க வீட்டில் காரியம் முடியும்வரை டிவி, ரேடியோ ஓடக்கூடாது என்பது உங்கள் அக்காவுக்குத் தெரியாதா? லாபிஸிலிருந்து வந்த அன்றே டிவியின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடியவர் அவர்தான். சமைத்து, பரிமாறி, என் வாயில் சோற்றை ஊட்டி, இரவெல்லாம் என் பக்கத்திலேயே படுத்திருந்தவர். சனிக்கிழமை நான் குளிக்கப் போயிருந்தபோது கூடத்தைப் பெருக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. துக்கத்துக்கு ஆகாதென்று சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி, ஒயரையும் பிடுங்கி, அழகாகச் சுருட்டி வைத்துவிட்டார்.

ஈரத் தலையோடு வந்து கறுத்த திரையைப் பார்த்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, அழு, நல்லா அழுதுடு என்று முதுகைத் தடவினார். உங்களை நினைத்துத்தான் கத்துகிறேன் என்று அவருக்கு நினைப்பு. அதுவும் பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வேலை பார்த்த அந்தத் தம்பி வந்தார். மத்தியானம் முழுக்கத் தேடினார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணன் ரொம்ப சுத்தமா செட் பண்ணி வெச்சிருக்காரு அண்ணி. டிஸ்க்ல ஒரு துளிகூட எழுதல." உங்கள் கெட்டிக்காரத்தனத்தை நான் வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். இல்லை, பொய் சொல்கிறேன். இன்னமும் வெறுக்கிறேன். இந்த வேகம் யாருக்கு வேண்டும்? கிர் கிர்ரென்று அந்தக் கிழட்டு டிஸ்க்கே ஓடியிருந்தால் இன்று நீங்கள் பேசியிருப்பீர்கள்.

இன்று சாயங்காலம் அக்கா பஸ் பிடித்து வந்தார். நான் சாப்பிடுவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மீன் குழம்பு வைத்துக் கொண்டு வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"என் தம்பி கொரலு எதுலயாச்சும் இருக்காமா? ஒரே ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு. ரேடியோவுல பேசுனானாமே?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீங்கதான்க்கா அணைச்சீங்க என்று சொல்லியிருந்தால் என் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும். அக்கா அந்தக் குழாயடியிலேயே சரிந்திருப்பார், பிறகு எழுந்திருக்க மாட்டார். ரேடியோவ மூடிட்டாங்கக்கா, எல்லாம் போயிடுச்சாம் என்றேன். அவர் கைகள் தண்ணீரிலேயே நின்றுவிட்டன. சரி, என்னதான் பேசினான், அதையாவது சொல்லு என்றார்.

உங்களைப் போலவே செருமிக்கொண்டு, அந்த ஆரம்பத்தைச் சொல்லிக் காட்டினேன். சிரித்துவிட்டார். அப்புறம் என்றார். அப்புறம் எனக்கு எங்கே தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். "'ஆனா எங்கக்காதான் என்ன வளத்தாங்க, இந்தப் பொண்ணையும் அவங்கதான் எனக்குப் பாத்தாங்க, நல்லாதான் பாத்திருக்காங்க'ன்னு சொன்னாங்கக்கா."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். இப்போது கூடத்தில் படுத்து நன்றாகத் தூங்குகிறார். நாளைக்கு லாபிஸ் போனதும் எல்லோரிடமும் சொல்வார், தம்பி ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசினான் என்று. நீங்கள் உண்மையில் என்ன பேசியிருந்தாலும், இனிமேல் நீங்கள் பேசியது அதுதான். எனக்கென்று நீங்கள் வைத்ததை அவருக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் இருப்பது அந்த 'ஆனா' ஒன்றுதான். அதை யாருக்கும் தர மாட்டேன்.