ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

நவம்பர் 3, திங்கள்

காலையில் தூறல். மலை தெரியவில்லை.

முதலில் ஒரு மானக்கேடு. மூன்று வருடங்களாக மேல் எஸ்டேட்டின் மழையைத் தப்பாகப் படித்து வந்திருக்கிறேன். அவர்கள் நோட்டில் 1.40 என்று இருந்தால் நான் அதை மில்லிமீட்டர் என்று நினைத்து ஏற்றிவிடுவேன். இலை நனையாத மழை. அது ஒரு இஞ்சு நாற்பது சென்ட்டாம். நூறு சென்ட் ஒரு இஞ்சு. வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு. மலையில் எல்லோருக்கும் தெரியும். ஏலக்காய்ச் சங்கத்தின் தரவுத்தளத்தைக் கட்டி மேய்க்கிற எனக்கு மட்டும் தெரியாது.

போன வருடக் கூட்டத்தில் "மேல் எஸ்டேட் பாலைவனமாகிக்கொண்டிருக்கிறது" என்று படம் போட்டுப் பேசினேன். கைதட்டினார்கள். அந்த எஸ்டேட் முதலாளியும் தட்டினார்.

தப்பைக் கண்டுபிடித்தது நானில்லை. சாந்தி.

"இந்த வருசம் அங்க எனக்கு மூணு குடை கிழிஞ்சிருக்கு. பாலைவனமாம்ல."

சாந்தி என் மனைவி. மேல் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். காலை ஐந்தரை ஜீப்பில், ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களோடு நெருக்கியடித்து போடிமெட்டு ஏறுகிறாள்.

அடுத்த திங்கள் முதல் சங்கத்தின் புதுத் திட்டம். ஏழு எஸ்டேட் மழையும் தினமும் எங்களுக்கு வரும். முந்தின இரண்டு நாள் மழை சேர்ந்து இரண்டு இஞ்சைத் தாண்டினால், விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப்காரர்கள் போனுக்குச் சிவப்பு போகும். பாறை சரியலாம், ஏறாதே. இல்லையென்றால் பச்சை. செயலாளர் காதர் பாய் மைக் பிடித்து அறிவித்துவிட்டார். பாய் சொன்னது மாறாது. மாற வேண்டியது நான்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். கோப்புகள் வந்தன. வராமலே இருந்திருக்கலாம்.

எஸ்டேட் 1 (மேல் எஸ்டேட்): இஞ்சு.

எஸ்டேட் 2: மில்லிமீட்டர். பெரிய மழை என்றால் மட்டும் சென்டிமீட்டர். பெரிய எண்ணைப் பார்த்தால் முதலாளி பயப்படுவாராம்.

எஸ்டேட் 3: எண்ணே கிடையாது. "சாரல்", "நல்ல மழை", "கொடூரம்". ஒரு நாள் மட்டும் "பரவாயில்லை".

எஸ்டேட் 4: நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எண்ணின் மேல் கட்டைவிரல். தினமும் அதே விரல். சந்தையில் பார்த்தால் அந்த விரலை அடையாளம் சொல்வேன்.

எஸ்டேட் 5: மாதம் முன்னால், தேதி பின்னால். பன்னிரண்டாம் தேதி வரை யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

6: போன வருடக் கோப்பையே பெயர் மாற்றி அனுப்பியிருப்பார்களோ.

7: "ரைட்டர் ஊருக்குப் போயிருக்காரு."

இவற்றை ஒன்றாக்குவது பக்கத்து மேசை சரவணன். முப்பத்தெட்டு வயது. நல்லவன். அதுதான் கோளாறு. எதைக் கேட்டாலும் "ஆச்சுண்ணே". இனி இந்த டைரியில் ச. மட்டும். முழுப்பெயர் எழுதும் மரியாதை இன்றோடு ரத்து. சந்தேகம் வந்த கட்டத்துக்கெல்லாம் மஞ்சள் அடித்து வைக்கிறான்.

"என்ன சந்தேகம்டா?"

"ஏதோ இடிச்சுச்சுண்ணே. என்னன்னு மறந்துருச்சு."

அவன் அனுப்பிய கோப்புகளின் பெயர்: மழை பைனல். மழை பைனல் சரி. மழை பைனல் சரி இதுதான். கடைசியாக, மழை பழசு. அதுதான் புதுசாம்.

நவம்பர் 5, புதன்

மதியம் கரண்ட் இல்லை. மூன்று மணி நேர வேலை போயிற்று. சேமிக்கவில்லை. சேமிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன் நான்.

காதர் பாய் தாடிக்கு மருதாணி வைத்திருக்கிறார். திறப்பு விழாப் படத்துக்காம். ச. சொன்னது, ச. சொன்னதால் பாதி கழித்துக்கொள்ளலாம்.

"திங்கக்கெழம வுட்ருவோம்ல, பால்ராசு?"

"வுட்ருவோம் பாய்."

வாய் கூசவில்லை. இடது பக்கம் நெஞ்சு பிடித்த மாதிரி. வாயு என்கிறாள் சாந்தி. நர்ஸ் சொன்னால் வாயுதான்.

வாங்க வேண்டியது: பூண்டு, பேட்டரி, சாந்திக்குக் குடை.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுதினால் ச.வைத் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

இன்று கிழமை வாரியாக மழையைப் பிரித்துப் பார்த்தேன், விளையாட்டாக. மேல் எஸ்டேட்டில் மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மழை பெய்யவில்லை. ஒன்றுகூட. வருண பகவானுக்கு வார விடுமுறை. திங்கட்கிழமை வந்து இரட்டிப்பாகப் பெய்துவிட்டுப் போகிறார்.

அங்கே மழையை அளக்கும் செல்லத்துரை கங்காணிக்குப் போன் போட்டேன். போடிக்காரர்தான்; நாற்பது வருடம் மேலேயே இருந்து பேச்சில் மலையாளம் ஏறிவிட்டது.

"ஞாயித்துக்கெழம நான் சந்தைக்கு எறங்கிருவேன் சாரே. மழ எங்க ஓடிரப் போவுது, டப்பாக்குள்ளதான கெடக்கும். திங்கக்கெழம சேத்து அளந்துருவேன். மதியல்லே, போதும்ல?"

"அப்ப ஞாயித்துக்கெழம ஏன் சுழி போடுறீங்க?"

"சுழியா? நான் கோடு போட்டுல்ல விடுறேன். அளக்காம சுழி போட்டா அது பொய்யில்லையா?"

நோட்டில் கோடு. எங்கள் கோப்பில் சுழி. நடுவில் ச.

"காலியா இருந்தா கட்டம் செவப்பாக் காட்டுதுண்ணே. பாக்க நல்லாவா இருக்கு. அதான் காலி எடத்துல தானாச் சுழி விழுற மாதிரி வச்சுட்டேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். இரண்டு கையும் போதவில்லை.

காலி என்றால் தெரியாது. சுழி என்றால் பெய்யவில்லை. தெரியாததைப் பெய்யவில்லை என்று எழுதுகிறவனோடு எட்டு வருடம் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறு எப்போதும் சுழி என்றால், திங்கள் விடிகாலை ஏறக்குறைய எப்போதும் பச்சை. மேலே மலையே கரைந்தாலும் பச்சை. திங்கள்தான் ஜீப்பில் கூட்டம் அதிகம். திங்கள்தான் எங்கள் முதல் நாள். ஜீப்பில் சாந்தி.

"அந்தச் சுழிய எடுத்துரு."

"எடுத்துர்றேன்ணே."

"எப்ப?"

"வெரசா."

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து மலை மேல் கறுப்பு. காற்றில்லை.

கங்காணி சம்மதித்துவிட்டார். நாளை சந்தைக்கு இறங்காமல் மேலேயே இருந்து அளப்பார். "ஒரு நாள் மீனு வேண்டா சாரே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அளந்து போன்ல விளிச்சுச் சொல்றேன்." எண் கொடுத்தாயிற்று. அளவு வந்ததும் ஏற்ற வேண்டியதுதான். நல்ல ஏற்பாடு. என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு வடை.

ச.விடம் கேட்டேன், சுழியை எடுத்துவிட்டாயா என்று. "ஆச்சுண்ணே." கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

நாளை கம்பத்தில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. இரண்டு கிடா.

சாந்தி: "அங்க வந்தும் போன நோண்டிக்கிட்டு இருந்தீங்க, எலையத் தூக்கிருவேன்."

நவம்பர் 9, ஞாயிறு

நவம்பர் 10, திங்கள்

5.00. பச்சை. எனக்கும் வந்தது.

5.20. "பச்ச வந்துருச்சுல்ல, போயிட்டு வர்றேன்." புதுக் குடையை மறந்துவிட்டுப் போகிறாள். போடியில் வெறும் தூறல்.

7.10. டீக்கடையில், பதினோராவது வளைவுக்கு மேலே பாறை இறங்கிவிட்டதாம். ராத்திரி முழுக்க மேலே கொட்டியிருக்கிறது. சாந்தி போன ஜீப் ஆறரைக்கு அங்கே இருந்திருக்கும்.

7.40. போன் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஒரு பெண் மலையாளத்தில் என்னமோ சொல்கிறாள். நல்ல குரல். அடிக்கலாம் போலிருந்தது.

8.15. மலையடியில் முந்தல் செக்போஸ்ட். வண்டிகளை விடவில்லை. டைரியை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

8.50. "ஒரு ஜீப்பு மாட்டிருக்காம்." "மூணுன்னாங்க." "நீலக் கலராம்." "ஜீப்பு ஏதுப்பா, லோடு வண்டிங்கிறாய்ங்க." உள்ளே எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர் பத்து என்றார். ஒருவர் பதினாலு. ஒருவர் "நெறைய". இங்கேயும் ஏழு எஸ்டேட் கோப்பு. எதைச் சேர்த்து எதைக் கழிக்க.

9.40. சாந்தி போன ஜீப்பு நீலமா? இருபது வருடமாக வழியனுப்புகிறேன். ஜீப்பின் நிறம் தெரியவில்லை.

10.30. இனி கோப்பு, தளம் எதுவும் வேண்டாம். முளைப்பாரி தூக்கச் சொன்னாலும் தூக்குகிறேன். பூக்குழி என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சர்க்கரை, கால் புண் ஆறாது. இந்த நேரத்திலும் எனக்கு இப்படித்தான் வருகிறது. சாந்தி இருந்தால் திட்டியிருப்பாள்.

11.50. வளைவில் முதலில் ஒரு சிவப்புத் துண்டு தெரிந்தது. நடந்து வருகிறார்கள். எண்ணினேன். பதின்மூன்று. இரண்டு தடவை எண்ணினேன். சாந்தி கடைசி. செருப்பு கையில். தோளில் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு.

"என்ன, ஆபீசு இல்லையா?"

அவள் விட்டுப்போன குடையை நீட்டினேன்.

ஜீப்புக்கு இரண்டு வண்டி தூரத்தில் பாறை விழுந்திருக்கிறது. ஓட்டுநர் ராசு பின்னால் எடுத்திருக்கிறார். பக்கவாட்டில் ஒரு கல் அடித்ததில் பேச்சியம்மாளுக்கு வலது முன்கை முறிவு. பறிப்பு நடக்கிற நேரம். காய் பறிக்கிற கை.

மாலை. கோப்பைத் திறந்தேன். மேல் எஸ்டேட், ஞாயிறு: 0. சுழி அப்படியே. ஆச்சுண்ணே.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. பாதை திறக்கவில்லை. கங்காணி மேலேயே.

சங்கத்தில் கூட்டம். பச்சை எப்படிப் போனது என்று காதர் பாய் மருதாணித் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். ச. எழுந்து நின்றான்.

"காலி எடத்துல சுழி விழுகிறத எடுக்கச் சொல்லி அண்ணன் வெள்ளிக்கெழமயே சொன்னாரு பாய். எடுக்கணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன். ஆச்சுன்னு வேற சொல்லிட்டேன்."

நான் பேசினேன். காலிக்கும் சுழிக்கும் உள்ள வித்தியாசம், அரை மணி நேரம். கரும்பலகையில் கட்டம் வேறு போட்டேன். கைதட்டவில்லை, கூட்டத்தின் தன்மை அப்படி.

பாய் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கங்காணி மேலதான இருந்தாரு? அளந்து சொல்றேன்னாருன்னியே?"

"டவர் கெடச்சிருக்காது பாய்."

அதோடு விட்டுவிட்டார்.

ராசு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். "எங்க போன்ல இருந்து அந்த நெறத்த எடுத்து விட்ருங்க. நாங்க வானத்தப் பாத்துக்கிறோம்." மற்ற ஜீப்காரர்களும் அப்படியே. திட்டம் முடிந்தது. ஒரு நாள் ஓடியது.

ச.வைக் கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள், மூட்டை எண்ண. தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஒரு சாமி படம். மேசை காலியாக ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"நீங்க சரியாத்தான்ணே சொன்னீங்க. நாந்தான் கேக்கல."

போகிற வழியில் பேச்சியம்மாளைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனானாம். சாந்தி சொன்னாள். "நீங்க எப்ப போறீங்க?" என்றும் கேட்டாள்.

நவம்பர் 12, புதன்

மறுபடி தூறல்.

சரவணன் கிட்டங்கியிலிருந்து போன் செய்தான். அவன் கணினியின் கடவுச்சொல் கேட்காமலே சொன்னான். என் பெயர்தான், பின்னால் 123.

பேச்சியம்மாளைப் பார்க்கப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். ஆரஞ்சு வீட்டில் இருக்கிறது.

இந்த டைரியில் ஞாயிற்றுக்கிழமை பக்கம் காலி. சுழி போட்டு மூடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை கங்காணிக்குக் கொடுத்தது என் எண். ஞாயிறு மாலை 5.02, 5.11, 5.34. மூன்று அழைப்பு. போனை ஊமையாக்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். இரண்டாம் பந்தி, எலும்புக் குழம்பு. திங்கள் காலை 7.40க்கு சாந்தியின் எண்ணைத் தேடும்போதே பார்த்துவிட்டேன். மூன்றாவது அழைப்புக்குக் கீழே ஒரு குரல் பதிவு. அதை இன்றுதான் கேட்டேன். ஒன்பது நொடி. டவர் நன்றாகவே கிடைத்திருக்கிறது.

"சாரே, மூணு இஞ்சு நாப்பது சென்டு. எழுதிக்கங்க."