சைக்கிளா, வண்டியா

1953 டிசம்பர் 6, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். வண்டி கிளம்பப் பத்து உதை. பதினோராவது உதையில் வண்டி கிளம்பியது, செருப்பு அறுந்தது. மாதா கோயில் பூசைக்கு ஒற்றைச் செருப்போடு போக முடியாமல் வெறுங்காலோடு போனேன். பார்த்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள். ரீட்டா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். கட்டிய புருஷனைக் கேலி செய்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

பூசை முடிந்து கல்மண்டபம் டீக்கடைப் பின்கட்டில் சங்கக் கூட்டம். ராயபுரம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்துக்கு இது மூன்றாவது டிசம்பர். ஒன்பது பேர், ஒன்பது வண்டி, எல்லாம் பட்டாளம் ஏலம் விட்ட சரக்கு. மேலே கறுப்பு அடித்தாலும் கீழே பச்சை எட்டிப் பார்க்கும். காரியதரிசி நான். நான் வைத்த விஷயங்கள்:

1. கிறிஸ்மஸ் ஊர்வலம். 24 காலை. எண்ணூர்க் கோயிலில் எட்டு மணிப் பூசை விட்டதும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பண்டம். தாத்தா வேஷம் இந்த வருஷமும் எனக்கே. தொப்பைக்காகவாம்.

2. பாலம்.

இரண்டாவதுக்குத்தான் சத்தம். எண்ணூர் போகும் வழியில் கால்வாய் மரப்பாலம். போன மாதம் பலகை மாற்றினார்கள், கூடவே ஒரு போர்டு நட்டார்கள்: 'சைக்கிளில் செல்வோர் இறங்கித் தள்ளிச் செல்லவும்.' சரி, சைக்கிள்காரன் தள்ளட்டும். ஆனால் பாலத்துக் காவல்காரர் முனுசாமி எங்களையும் இறங்கச் சொல்கிறார். போன வாரம் நான் சண்டைக்கே போனேன். மனுஷன் அசரவில்லை.

"மோட்டார் சைக்கிளு. பேர்லயே சைக்கிள் கீதே சார், நான் இன்னா செய்ய?"

இறங்கித் தள்ளினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

மற்றவர்களுக்கு இது எரிச்சல். காதருக்குப் பிழைப்பு. காதர் வண்ணாரப்பேட்டைக்காரன், சங்கத்தில் எனக்கு முதல் தோஸ்து. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றரை மைல் தள்ளி ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். சின்ன வயதில் ஜுரம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. அதனால் சைடு கார் மாட்டிய மூன்று சக்கர வண்டி. பிரேக்கைக் கைக்கு மாற்றியதும் அவனே, லேத்தில் கடைந்து. ஓட்டும்போது அவனைப் பார்த்தால் கால் ஊனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தள்ளத்தான் முடியாது. தினமும் பாலத்தில் வருகிற போகிற ஆட்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்லி, பின்னாலேயே நொண்டிக்கொண்டு போகிறான். நவம்பரில் ஆறு நாள் லேட். ஃபோர்மன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: வருஷக் கடைசி வரை பார்ப்பேன், அதற்கப்புறம் ஆளை மாற்றிவிடுவேன்.

கூட்டத்தில் எல்லோரும் கத்தி முடித்தபின் காதர் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"நாலு பேரு புடிச்சிகினு போறாங்க, நான் பின்னாடி போறேன். மய்யத்து போறா மாதிரி கீது மாமு."

பிண ஊர்வலம் என்று கேட்டபின் யாரும் டீ குடிக்கவில்லை. மனு எழுதுவது என்று தீர்மானம். எழுதுவது நான். இப்போதே கை துறுதுறுக்கிறது.

டிசம்பர் 8, செவ்வாய்

மாதா திருநாள். ஹார்பரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து மனு எழுதினேன். மூட்டை எண்ணுகிற குமாஸ்தாவுக்கு இவ்வளவு தமிழ் வருமா என்று எனக்கே ஆச்சரியம். நாலு தாள். சுதந்திரம் வந்து இத்தனை வருஷம், இன்னும் இங்கிலீஷில் 'ஐ பெக்' என்று ஆரம்பிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு வார்த்தையில் தகராறு. சைக்கிள் இல்லை என்றால் பின்னே என்ன? காதர் 'வாகனம்' என்று போடச் சொன்னான். நான் மறுத்தேன். வாகனம் என்றால் திருவொற்றியூர்த் தேரடியில் சாமி வருமே, அதுதான் ஞாபகத்துக்கு வரும். நம் ஓட்டை உடைசலுக்கு வாகனம் என்ற பேரா? எல்லோரும் வாயால் சொல்வது வண்டி. என் வண்டி, உன் வண்டி. அதையே போட்டேன்:

'ஐயா, மோட்டார் சைக்கிள் என்பது சைக்கிள் அன்று. அது வண்டி. எங்கள் வண்டிகளை வண்டிகளாகவே கருதி நடத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

ரீட்டாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். கிறிஸ்மஸ் பலகாரம் கல்கல்லுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது, கையைக் கழுவிவிட்டு வந்து நாலு உருண்டை உருட்டுங்கள் என்றாள். உருட்டினேன். என்னுடையது எல்லாம் கோணல்.

டிசம்பர் 9, புதன்

மனு கொடுத்தாயிற்று. நான், காதர், இன்னும் மூன்று பேர், ஐந்து வண்டியில் ஊர்வலமாகப் போய்ப் பாலத்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினோம். சத்தம் கேட்டு உள்ளிருந்து பியூன் ஓடி வந்தான். ஓவர்சியர் வாங்கிக்கொண்டார். ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் மூன்று பென்சில். முதல் தாளைப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். மேலதிகாரிக்கு அனுப்புகிறேன் என்றார். திரும்பும்போது வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

டிசம்பர் 14, திங்கள்

ஜெயித்துவிட்டோம்.

கடிதம் ஹார்பர் விலாசத்துக்கே வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்: 'தங்கள் சங்கத்தின் மனு பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் கோரியபடி மோட்டார் சைக்கிள்கள் இனி சைக்கிள்களாக அன்றி வண்டிகளாகவே கருதப்படும்.' கையெழுத்து, முத்திரை, எல்லாம்.

தாங்கள் கோரியபடி. என் வாக்கியம். அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் டீக்கடையில் நின்றபடியே உரக்கப் படித்தேன். முன்பின் தெரியாத ஆட்கள்கூடக் கை தட்டினார்கள். காதர் கடிதத்தை வாங்கி விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். நாளைக்கு மகராசனாட்டம் ஓட்டிக்கொண்டு போ என்றேன். சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து ஒரு மாதம் இருக்கும்.

வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வெட்கமில்லை.

டிசம்பர் 15, செவ்வாய்

என்னை எதால் அடிப்பது?

பாலத்தில் இரண்டு போர்டு உண்டு. சைக்கிள் போர்டு ஒன்று. அதற்குப் பின்னால், துருப்பிடித்து, யாரும் பார்க்காத பழைய போர்டு ஒன்று: 'வண்டிகள் காலை 6 முதல் 9 வரை பாலத்தில் செல்லக் கூடாது.' கட்டை வண்டி, மாட்டு வண்டிக்காக வைத்தது. காலையில் காதர் வண்டியை நிறுத்தாமல் ஏற்றப் போயிருக்கிறான். முனுசாமி பாலத்துக் குறுக்குக் கம்பை இறக்கிவிட்டார். அவரிடமும் அந்தக் கடிதத்தின் நகல்.

"நீங்கதான வண்டின்னு எழுதிக் குட்த்தீங்க. வண்டின்னா ஒம்போது மணிக்கு மேலதான்."

முன்பாவது தள்ளிக்கொண்டு போகலாம். இப்போது அதுவும் கிடையாது, ஆறுக்கு முன்னால் கம்பைத் திறக்கவும் ஆள் இல்லை. காதர் வண்டியை இக்கரையில் போட்டுவிட்டுத் தடியை ஊன்றி ஒன்றரை மைல் நடந்திருக்கிறான். நாற்பது நிமிஷம் லேட்.

வாகனம் என்று போட்டிருக்கலாம். சாமி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 17, வியாழன்

மார்கழி பிறந்துவிட்டது, விடியற்காலையில் பஜனைக்காரர்கள் ஜால்ராவோடு போகிறார்கள். அதைக் கேட்கிற நேரத்தில் காதர் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பான். இப்போது கிட்டத்தட்ட அரை மணி முன்னாலேயே கிளம்புகிறானாம். நேற்று பதினைந்து நிமிஷம்தான் லேட். அதுவும் லேட்தான். டீக்கடைக்கு வருவதில்லை.

ரீட்டாவிடம் என் மேல் தப்பா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள், எனக்குச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்றாள்.

டிசம்பர் 19, சனி

போனேன். வண்ணாரப்பேட்டை. மழை விட்டிருந்தது. காதர் வாசலில் உட்கார்ந்து சூம்பிய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடி பிடித்த உள்ளங்கை கொப்பளித்திருந்தது. மன்னிச்சிக்கடா என்றேன். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எதையோ சொல்ல அவசரமாக இருந்தான்.

"வுடு. நான் ஒண்ணு கேக்கறேன். சைக்கிளா, வண்டியான்னு அடிச்சிக்கினமே, அந்தப் போர்ட இன்னாத்துக்கு வெச்சாங்கன்னு யார்னா கேட்டமா?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் கேட்டிருக்கிறான், முனுசாமியிடமே. பலகைகள் நீளவாக்கில் போட்டவை, நடுவில் சந்து. சைக்கிள் சக்கரம் சந்தில் இறங்கி இரண்டு பேர் முகம் பெயர விழுந்தார்களாம். அதனால் முதல் போர்டு. மாட்டு வண்டி ஆடி அசைந்து போய் ஷிப்டு லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. அதனால் இரண்டாவது. காதர் நாலு நாளாகத் தடி ஊன்றி நடக்கும்போது கீழேயே பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். வண்டியில் போனபோது ஒரு நாளும் சந்தைப் பார்த்ததில்லையாம். நேற்று பட்டறையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து வந்து, பாலம் முழுக்க அளந்துவிட்டான். பீடிக் கட்டுத் தாளின் பின்புறத்தில் எல்லாம் குறித்து வைத்திருக்கிறான். ஆகப் பெரிய சந்து ஒன்றே முக்கால் அங்குலம். அவன் டயர் மூன்றேகால்.

எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். எண்ணெய் முழுக்க என் சட்டையில்.

முடிவு: இனி மனு இல்லை. 24 காலை ஊர்வலத்தை ஏழு மணிக்குப் பாலத்துக்குக் கொண்டு போவது. அந்த நேரத்துக்கு ஓவர்சியர் தினமும் வருவார், முனுசாமியே சொன்னது. பட்டறை 23 முதல் 27 வரை பாய்லர் கழுவ மூடல், காதருக்கும் தோது.

டிசம்பர் 22, செவ்வாய்

சேர்ந்தவை: கல்கல் இரண்டு தகர டின், அச்சு முறுக்கு ஒரு டின், பலூன், ஊதல், சிவப்பு அங்கி (போன வருஷத்தது, அக்குளில் கிழிசல்), தாடிக்குப் பஞ்சு. தாடி ஒட்டக் கோந்து வாங்க மறந்தேன், மைதாப் பசை போதும் என்கிறாள் ரீட்டா. தூக்கம் பிடிக்கவில்லை. பிள்ளை மாதிரி நாளை எண்ணுகிறேன்.

டிசம்பர் 24, வியாழன்

சுடச்சுட எழுதிவிட வேண்டும்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கப் பாலம். எட்டு வண்டி (என்னுடையது வீட்டில்), எல்லாவற்றிலும் கலர்த் தாள். காதர் வண்டி முன்னால், சைடு காரில் நான், மடியில் டின்கள். வழியில் தூறலில் நனைந்து பாதித் தாடி கஞ்சியாகிவிட்டது. முனுசாமி கம்பை இறக்கினார். தாத்தா வேஷத்தில் இருப்பவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார், ஆனால் கம்பைத் தூக்கவில்லை. பின்னால் லாரி ஒன்று, மீன்கூடைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர், சைக்கிள்கள். கூட்டம் கூடிவிட்டது. நான் பேச வாயெடுத்தேன். காதர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

ஓவர்சியர் வந்தார். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார், அவர் போட்ட விதிக்கு அவரே அடங்கி. அதைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை. காதர் தடியை ஊன்றி இறங்கி, ஸ்கேலை அவர் கையில் கொடுத்தான்.

"சார், எங்கள சைக்கிள்னு சொல்லவும் வாணாம், வண்டின்னு சொல்லவும் வாணாம். இந்தச் சந்துல எங்க சக்கரம் பூருதான்னு மட்டும் பாருங்க."

ஓவர்சியர் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் முட்டி போட்டார். காதர் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாக அளந்தார். பீடித் தாளோடு சரி பார்த்தார். தன் சைக்கிளின் முன்சக்கரத்தை அந்தப் பெரிய சந்தில் வைத்தார், அழகாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. காதர் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். சக்கரம் சந்தின் மேலேயே நின்றது. லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

மாட்டு வண்டி இந்தப் பாலத்தைக் கடக்க எத்தனை நிமிஷம் என்று முனுசாமியைக் கேட்டார். பத்தாகும் என்றார் முனுசாமி. உங்களுக்கு என்று காதரைக் கேட்டார். மெதுவாகப் போனாலும் ஒன்று என்றான்.

"சரி, ஓட்டுங்க. நான் கூடவே நடந்து வரேன், ஓடும்போது சக்கரம் சந்துல இறங்குதான்னு பார்க்கணும். அவரும் உட்காரட்டும், பாரம் வேணும்."

அவர் என்று சொன்னது என்னை. வாழ்க்கையில் முதல் தடவை என் தொப்பை ஒரு காரியத்துக்கு ஆயிற்று.

போனோம். முதல் கியரில், பக்கத்தில் ஓவர்சியர் குனிந்து குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டே. கீழே கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக. காதர் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அக்கரை மண் ஏறியதும் மீன்காரப் பெண்கள் குலவை போட்டார்கள். ஓவர்சியர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, திங்கட்கிழமை போர்டு மாற்றிவிடுகிறேன், இன்றைக்கு என் பொறுப்பில் எல்லோரும் போங்கள் என்றார்.

எண்ணூர். பூசை விட்டிருந்தது. பிள்ளைகள் மணலில் ஓடி வந்தார்கள். தாடி முழுக்க விழுந்துவிட்டது, ஒருத்தரும் கவலைப்படவில்லை. ஒரு குட்டிப் பெண் என்னை விட்டுவிட்டுக் காதரிடம் போய், நீங்கதான் தாத்தாவா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டான் துரோகி. என் கோணல் கல்கல்தான் முதலில் தீர்ந்தது.

டிசம்பர் 25, வெள்ளி

கிறிஸ்மஸ். வெயில். காதர் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். பாலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. திங்கட்கிழமை என்ற வார்த்தை வரும்போதெல்லாம் காதர் தண்ணீர் குடித்தான். ஓவர்சியர் மறந்துவிட்டால்? மேலதிகாரி மறுத்துவிட்டால்? ஃபோர்மன் கொடுத்த கெடு இன்னும் நாலு வேலை நாள்.

டிசம்பர் 28, திங்கள்

ஹார்பருக்கு லேட் என்று சொல்லியனுப்பிவிட்டு ஆறரைக்கே பாலத்தில் நின்றேன். பனி. போர்டு புதுசு, பெயிண்ட் காயவில்லை: 'மோட்டார் சைக்கிள்கள் எந்நேரமும் மெதுவாக ஓட்டிச் செல்லலாம்.' முனுசாமி பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். விரலை வைத்துவிடாதே சார், ஒட்டும் என்றார்.

ஆறே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. காதர். முனுசாமி முன்கூட்டியே கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பாலத்து முனையில் கையைத் தூக்கி நின்றேன், ஒரு நிமிஷம் நிறுத்துவான், ஏதாவது சொல்வான் என்று. நிறுத்தவில்லை. போர்டைக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பாதையில். பலகை தடதடக்க ஏறி, அக்கரையில் இறங்கி, பனியில் மறைந்துவிட்டான்.

நான் அங்கேயே நின்றேன். அவன் மறைந்து வெகு நேரம் கழித்துத்தான் பட்டறையில் வேலை தொடங்கும் சங்கு ஊதியது.