மூன்று வாரம் போகாத மின்னஞ்சல்கள்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? பெர்கனில் மழை விட்டதா? தீவில் நான் நலம்.

மூன்று வாரம் முன்பு என் மடிக்கணினியில் புது இயங்குதளம் ஏற்றினேன். அதிலிருந்து எந்த இணையதளமும் திறக்கவில்லை. மின்னஞ்சல் மட்டும் போவது போலத்தான் இருந்தது. உன் பதில்தான் வரவில்லை. வானிலை நிலையத்தில் நாங்கள் நாலு பேரும் முட்டிமோதிப் பார்த்தோம். கடைசியில் சமையல்காரி போர்கில் மாவுக் கையோடு வந்தார்.

"கடைசியா என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலை."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. மூலையில தேதியைப் பாருடா, பத்து வருஷம் பின்னாடி நிக்குது! தேதி தப்பா இருந்தா எந்தத் தளமும் உள்ள விடாது! காத்தை நிமிஷக் கணக்கா அளக்கிற ஆளுங்களாம்!"

தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்துகொண்டது. என்ன கண் அம்மா, அவருக்கு! உன் ஒன்பது மின்னஞ்சல்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும், 'கனமான ஸ்வெட்டர் போட்டிருக்கியா?' நான் எழுதிய பதினொன்றும் அப்போதுதான் கிளம்பின. போர்கில் அந்த எண்ணிக்கையைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஒன்று அவருக்கு.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. அந்தப் பதினொன்றில் ஏழாவதை மட்டும் படிக்காமல் அழித்துவிடு, அம்மா. நீ என்னை மறந்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறேன்.

உன்
சிந்த்ரே