எந்தக் காலுக்காக

இதை எழுதுபவன் உன் தகப்பன், தொழிலால் வழக்கறிஞன், விபத்துக்குப் பின் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவன். நல்ல சுயநினைவுடன், பிறர் தூண்டுதலின்றி எழுதுகிறேன்.

அன்புள்ள மகளுக்கு,

பிசியோதெரபி படிப்புக்கான நேர்காணலில், ஏன் இந்தத் தொழில் என்று உன்னைக் கேட்டார்களாம். "எங்கப்பாவ நடக்க வைக்கணும், அவ்வளவுதான்" என்றாயாம். அவர்களும் மகிழ்ந்து இடம் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள்.

இன்று காலை வழக்கம்போல் பிசியோதெரபிஸ்ட் வந்தார். "சார், நீங்களே கால தூக்குறதா நெனச்சுக்குங்க. நான் தூக்குறேன்."

"ரெண்டு பேர்ல யார் தூக்கினதுன்னு தீர்ப்பு யாருங்க சொல்றது?"

சிரித்தார். பிறகு முழங்காலை மடக்கியபடியே, "இது நடக்குறதுக்கு இல்ல சார். மூட்டு இறுகாம இருக்கத்தான். பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். அறுந்த தண்டுவடம் இனி ஒட்டாது என்று மருத்துவரும் முன்பே சொல்லிவிட்டார்.

நிறைவேற்ற முடியாததைப் பொருளாகக் கொண்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. உன் படிப்புக்கும் அதுவே பொருந்தும். படித்து முடித்து வந்து என் காலைப் பிடிப்பாய், அது அசையாது. அதன்பின் எந்த நோயாளியின் கால் அசைந்தாலும் உனக்கு அழுகைதான் வரும்.

ஆகவே சேராதே. சேர்ந்தே தீருவாயானால், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய காலுக்காகச் சேர். என் காலைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா (ஒப்பம்)

சாட்சிகள்:
1. பிசியோதெரபிஸ்ட்.
2. உன் அம்மா. என் கையெழுத்துக்கு மட்டுமே சாட்சி. "உள்ள எழுதியிருக்கிறத நான் ஒத்துக்கல. அவ படிச்சுட்டு வரட்டும்" என்கிறாள்.