அப்பா துப்பாத ஒயின்

அன்புள்ள மகன் மோகனுக்கு, பசுந்தாங்கிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், மின்சாரம்தான் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ கேட்டபடி தௌங்ஜிக்குப் போய் ரேவதி வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்தோம். அப்பா கிளம்பும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா திராட்சைத் தோட்டத்தில் ஒயின் காய்ச்சுகிறவராமே, கோயில் கமிட்டியில் மதுவைத் திட்டியே பேர் வாங்கிய நான் அங்கேயா சம்பந்தம் செய்வது, மரியாதைக்கு வருகிறேன், முடியாது என்று நேரிலேயே சொல்லிவிடுவேன் என்றார். விமானத்தில் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரேவதியை விட்டால் நீ வேறு யாரையும் கட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா.

ரேவதியின் அப்பாவை அங்கே எல்லாரும் பர்மிய வழக்கப்படி மரியாதையாக ஊ சிவராஜ் என்கிறார்கள், தங்கமான மனிதர். மலைச்சரிவு முழுக்கக் கம்பியில் படரவிட்ட கொடிகள், தூரத்தில் இன்லே ஏரி. பீப்பாய் அறையெல்லாம் காட்டிவிட்டு, காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, மோந்து பார்த்து வாயில் வைத்துவிட்டு இந்த வாளியில் துப்பிவிடலாம், உள்ளே போகாது அண்ணே என்றார். உள்ளே போகாது என்றதால் அப்பாவும் தலையாட்டினார். யார் யாரோ வாய் வைத்த கோப்பையாயிற்றே என்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டார், பாதி சட்டையில். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் படமே எடுத்துவிட்டார். நிமிர்ந்தால் எதிரே ரேவதியின் அம்மா சிரித்த முகமாக நிற்கிறார். பெண் வீட்டில் கையால் கொடுத்ததை அவர்கள் கண்ணெதிரே வாளியில் துப்ப முடியுமா? கன்னம் உப்ப, விழி பிதுங்க நின்றவர் மடக்கென்று விழுங்கிவிட்டார். ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று சிவராஜ் அடுத்ததை ஊற்ற, அதுவும் மடக். வெள்ளை, சிவப்பு, ரோஜா நிறம், எதையும் அப்பா அவமதிக்கவில்லை. கொடிக்கு என்ன எரு போடுகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் சிவராஜின் தோளிலேயே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை விடுதியில் தலையைப் பிடித்துக்கொண்டு, நேற்று நான் என்னடி பேசினேன் என்று மெதுவாகக் கேட்டார். அவரைச் சம்பந்தி என்று கட்டிப்பிடித்து, தையில் கல்யாணம் என்று சத்தியம் செய்தீர்கள் என்றேன். கறை படிந்த சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இந்தத் தனசேகரன் சொன்ன சொல் மாறமாட்டான் என்று எழுந்து குளித்து, அவர்கள் வீட்டுக்குப் போய்த் தை மாதத்தை உறுதி செய்தார். ரேவதியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார், நானும் அழுதுவிட்டேன்.

தைக்கு இப்போதே லீவு சொல்லிவை, மழையில் நனைந்து அலையாதே. நீங்கள் இருவரும் நூறு வயது ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அந்தச் சத்தியத்தைப் பற்றி அப்பாவிடமோ உன் மாமனாரிடமோ மூச்சு விடாதே. அப்பா அன்று எருவைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா புஷ்பா