பாவனைக்குதவாதது

2007 ஜனவரி 16, செவ்வாய்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து சும்மா இருக்கிறோம் என்று என்னையும் லோஜினியையும் கணினி ஆசிரியர் கஜதீபன் சேர் பாடசாலைக்குக் கூப்பிட்டிருந்தார். கணினி அறைப் பொருட்களைக் கணக்கெடுக்க வேண்டுமாம். மூலையில் பழைய கணினி ஒன்று. அதற்குள் செய்மதித் தொலைக்காட்சி அட்டை. அறைக்குப் பின்னால் அதற்கான டிஷ். ஆறு வருடங்களுக்கு முன் யாரோ வெளிநாட்டுக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது. இந்தியாவிலிருந்து கட்டணமின்றி வரும் கல்வி அலைவரிசையில் பின்னேரங்களில் தமிழில் பௌதிகவியல் பாடம் நடக்கிறது. அதைப் பார்க்கத்தான் கொடுத்தார்கள்.

ஆறு வருடமாக எங்களிடம் இல்லாதது பௌதிகவியல் ஆசிரியர் மட்டும். அந்த ஒருவர் இல்லாததால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. சித்தியடைந்தால் கலைப் பிரிவுதான் என்று அதிபர் இப்போதே சொல்லிவிட்டார்.

சேர் பதிவேட்டில் அட்டைக்கு நேரே “பாவனைக்குதவாதது” என்று எழுதினார்.

“போட்டுப் பாத்தீங்களா சேர்?” என்று கேட்டேன்.

“விண்டோசுக்குப் போடுற சீடி துலைஞ்சுபோச்சு பிள்ளை. செய்த கொம்பனியும் இப்ப குடுக்கிறேல்லை. அப்ப பழுதுதானே?”

தானேயா?

ஜனவரி 17

தொலைந்தது இறுவட்டு. பழுதானது அட்டையாம்! இது என்ன நியாயம்?

ஜனவரி 24, புதன்

விண்டோசுக்குப் பதிலாகப் போடலாம் என்று எழுதிக் கேட்டிருந்த லினக்ஸ் இறுவட்டு தபாலில் வந்தது. இலவசம். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று உறையிலேயே எழுதியிருக்கிறது. பழைய கணினியில் போட்டோம். அட்டையின் பெயரை அதுவாகவே சொன்னது! நிறுவனத்தையும் கேட்கவில்லை, தொலைந்த இறுவட்டையும் கேட்கவில்லை. அட்டையை எழுப்ப ஒரு சின்னக் கோப்பு மட்டும் வேண்டுமாம்.

ஜனவரி 27, சனி

கோப்புக்காக ஹட்டனுக்குப் போனோம். இணையக் கடை அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? நடிகர் போட்டோ வேணும்னா எறக்கித் தாறேன்.”

“அத நீங்களே ஒட்டி வைங்கண்ணே, கடைக்கு ஆளாவது வரும்” என்றாள் லோஜினி.

கோப்பு ஒரு ஃப்ளொப்பியில் அடங்கிவிட்டது. வரும் வழியெல்லாம் மழை. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 31, புதன்

அட்டை விழித்துவிட்டது. ஆனால் அலை வரவில்லை. காற்று டிஷ்ஷைத் திருப்பியிருக்கிறது. நான் வெளியே நின்று மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, லோஜினி திரையில் வரும் எண்களை ஜன்னலால் கத்தினாள்.

“நாப்பது! எறங்குது நாகு, முப்பத்தஞ்சு! அய்யோ, எங்கடி போற? இந்தப் பக்கம்! அம்பத்திரெண்டு! மூச்சு விடாத!”

அலை பிடிபட்டது என்று ஒரு வரி வந்தது. பிறகு படம். சேலை கட்டிய ஓர் ஆசிரியை ஊசலை ஆட்டிக் காட்டி, தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். லோஜினி அழுதாள். சரி, நானும்தான்.

பெப்ரவரி 6, செவ்வாய்

அதிபரைக் கூட்டிவந்து காட்டினேன்.

“கெட்டிக்காரிதான். ஆனா லிஸ்ட் வலயக் கல்வி ஆபீசுக்குப் போயிருச்சேம்மா. குழு வந்து, பாவனைக்குதவாததை எல்லாம் சுத்தியலால ஒடைக்கும். அதுதான் முறை.”

“வேலை செய்யுதே சேர்!”

“பேப்பர்ல செய்யலியே.”

சோதிக்காமல் எழுதிவிட்டேன் என்று கஜதீபன் சேர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஆனால் அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அது அவருடைய வேலைப் பதிவுக் கோவையில் கறையாக ஏறும். சேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கடிதத்துக்குப் பயந்து எங்கள் படிப்பையா உடைப்பது?

தேயிலைக் கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மாவிடம் போய்க் கத்தினேன். பக்கத்து வீடெல்லாம் கேட்டிருக்கும்.

“நீ தப்புப் பண்ணலைன்னா எதுக்குடி கத்துற?”

“பண்ணாததாலதாம்மா கத்துறேன்!”

பெப்ரவரி 19

நாளை குழு வருகிறது. சேர் இன்னும் எழுதவில்லை. நான் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

பெப்ரவரி 20, செவ்வாய்

மூன்று பேர் வந்தார்கள். முற்றத்தில் உடைந்த கதிரைகள், விசைப்பலகைகள், ஒரு சுத்தியல். அவர்கள் கணினி அறைக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது. பாடத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, கதவை அகலத் திறந்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன்.

குழுத் தலைவர் பட்டியலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இதுதான் பழுதா என்று சிங்களத்தில் கேட்டார்.

“நே சேர், வெட கரனவா.” வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

“அப்படியென்றால் இந்தப் பட்டியல் பொய்யா?” என்று அவர் அதிபரிடம் திரும்பினார்.

அதிபர் வெறுமனே சிரித்தார். சுத்தியல் வைத்திருந்தவர் அதைக் கீழே வைக்கவில்லை. அப்போது கஜதீபன் சேர் முன்னால் வந்து பேனையை எடுத்தார்.

“நான் சோதிச்சுப் பாக்கேல்லை. பிழை என்ரை. எழுதித் தாறன்.”

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

போகும்போது சேர் என்னைப் பார்த்து, “இனியாவது உம்மட சத்தம் குறையுமோ பிள்ளை?” என்றார்.

“குறையாது சேர்.”

எப்படிக் குறையும்? உண்மையை எழுதியவரிடம் விளக்கம் கேட்பார்களாம். ஆறு வருடமாக ஆசிரியர் அனுப்பாதவர்களிடம் விளக்கம் கேட்டது யார்?

ஜூன் 12, செவ்வாய்

விஞ்ஞானப் பிரிவு தொடங்கிவிட்டது, ஏழு பேர். “டீவிய நம்பியாம்மா கிளாஸ் தொடங்கச் சொல்றீங்க?” என்று கேட்ட அதிபர், ஏழு வீட்டாரும் வந்து வாசலில் நின்ற பிறகுதான் படிவங்களில் கையெழுத்துப் போட்டார். கடும் மழையில் படம் சிதறும், காத்திருப்போம். பாட நேரசூசியில் பௌதிகவியல் ஆசிரியர் என்ற இடத்தில் “வெற்றிடம்” என்று இருக்கிறது. ஆசிரியர் கேட்டு வலயத்துக்கு மூன்றாவது கடிதமும் அனுப்பியாயிற்று.

இன்று பாடத்தில் ஓரிடம் விளங்கவில்லை. என்னை அறியாமலே திரையைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டேன். லோஜினிகூடச் சிரிக்கவில்லை.

கடைசி வாங்கில் உட்கார்ந்து எங்களோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கஜதீபன் சேர்தான் தலையை நிமிர்த்தினார்.

“எனக்கும் விளங்கேல்லை பிள்ளை. கேள்வியைச் சொல்லும், எழுதி வைக்கிறன்.”